எட்டு மணிக்குப் பிறகு



எங்கள் வீட்டு முன்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், பொழுது பட்டதும் அம்மா முதலில் கீழ்த் தாழ்ப்பாளைப் போடுவா. பிறகு ஒரு முக்காலியில் ஏறி மேல் தாழ்ப்பாளையும் போடுவா. அதோடு தெரு எங்களுக்கு இல்லை என்று அர்த்தம். நாய் விடாமல் குரைத்தால் விளக்கின் திரியையும் தணித்துவிடுவா. 1990 ஆனியில் சண்டை மறுபடி மூண்டபோது எனக்கு 6 வயது. 2009 வைகாசியில் அது ஓய்ந்தபோது 25. நடுவில் 2002இல் சமாதான காலம் என்று ஒன்று வந்தது. 2006இல் எங்கள் மாவட்டத்து மாவிலாற்றிலேயே அது முடிந்தும் போனது. திருகோணமலையில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்கும் போன எனக்கு, இரவு 9 மணிக்கு உட்துறைமுக வீதி எப்படியிருக்கும் என்று 25 வயது வரைக்கும் தெரியாது.

அந்த வீதியில்தான் போன வருடம் பங்குனி மாதத்து ஒரு சனிக்கிழமை இரவு, மார்பில் இலக்கத் துண்டைக் குத்திக்கொண்டு நான் ஓடினேன். இன்றைக்கு உங்களோடு பேச வந்தது அந்த ஓட்டத்தைப் பற்றித்தான்.

நான் வீராங்கனை இல்லை. அலுவலகத்தில் கோப்புப் பார்க்கிறவள். சில வருடங்களுக்கு முன், உவர்மலைப் பக்கத்துப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து காலை 5 மணிக்கு நடக்கத் தொடங்கினோம். நடை மெல்ல மெல்ல ஓட்டமாயிற்று. ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு சுற்று, பிறகு இரண்டு, பிறகு பத்து. 5 கிலோமீற்றர் ஓடி முடித்த நாளில், இனி இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அப்போதுதான் ஊர்ப் பொடியன்கள் சிலர் சேர்ந்து ஓர் இரவு ஓட்டம் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். தூரம் 10 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. உட்துறைமுக வீதியில் தொடங்கி, அநுராதபுரச் சந்தி தாண்டி, நிலாவெளி வீதியால் உப்புவெளிப் போர்க் கல்லறை மட்டும் போய்த் திரும்ப வேண்டும். தொடங்கும் நேரம் இரவு 8 மணி.

அம்மாவிடம் சொன்னேன். "இரவிலயோ?" என்று கேட்டா. தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் இரவில் ஓட வேண்டும் என்று நீங்களும் கேட்கலாம். எங்கள் ஊர் வெயிலை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வைகாசி ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது, அடுப்படிக் கதவைத் திறந்த மாதிரி ஊரே காயும். ஓடுகிற உடம்போ தானே ஒரு அடுப்பு. நாம் எரிக்கிற சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாகத்தான் வெளியே போகிறது. மிச்சம்தான் காலை நகர்த்துகிறது. அந்தச் சூட்டை வியர்வை உலர்ந்துதான் இறக்க வேண்டும். வெயில் இல்லாத இரவு பெரிய ஆறுதல். ஆனால் கடற்கரை ஊரில் இரவுக்கும் ஒரு குணம் உண்டு. சூடு இறங்கும்போது ஈரப்பதன் ஏறும். வியர்வை உலராமல் மேலோடு வழியும். இது தெரியாமல் இரவுதானே என்று வேகம் பிடித்தால் உடம்பு கணக்குக் கேட்கும்.

இதை உலகமே ஒரு தடவை கண்ணால் பார்த்தது. 2019 செப்டெம்பர் 27, கட்டார் நாட்டின் டோஹா நகரம். உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மரதன். பகல் வெயிலுக்குப் பயந்து, நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்க, 11.59க்குத் தொடங்கினார்கள். அந்த நேரத்திலும் வெப்பம் 32 பாகைக்கு மேல், ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல். ஓடத் தொடங்கியவர்கள் 68 பேர், முடித்தவர்கள் 40 பேர். உலகத்தின் தேர்ந்த ஓட்டக்காரிகள் 28 பேர் நடுவழியில் நின்றார்கள். சிலரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வென்றவர் கென்யாவின் ரூத் செப்ன்கெடிச். அவர் எடுத்த நேரம் 2 மணி 32 நிமிடம் 43 செக்கன். அவருடைய வழக்கமான வேகத்துக்கு அது மிக மெதுவான ஓட்டம். நான் அந்தப் படக்காட்சியை மூன்று தடவை பார்த்தேன். முதல் கிலோமீற்றரிலிருந்தே நிதானமாக ஓடியவர்கள்தான் கடைசி வரை வந்தார்கள் என்று எனக்குப் பட்டது. அதை மனதில் எழுதிக்கொண்டேன்.

எழுதிக்கொண்டு என்ன, விசில் ஊதியதும் மறந்துபோனேன்.

பொடியன்கள் பாய்ந்து போனார்கள். அவர்களுக்குப் பின்னால் என் காலும் பாய்ந்தது. இருட்டில் ஓடும்போது தூரத்தில் இருக்கிற மரமும் கட்டடமும் கண்ணில் படாது; காலடித் தார் மட்டும் பின்னால் போய்க்கொண்டிருக்கும். அதனால் உண்மையில் ஓடுவதைவிட வேகமாக ஓடுவது போலத் தோன்றும். எனக்கு அந்தத் தோற்றம் பிடித்திருந்தது. இடப்பக்கம் துறைமுகம் கறுத்துக் கிடந்தது. தண்ணீருக்கு அப்பால் சீனக்குடாவில் பிறிமா மா ஆலையின் வெளிச்சங்கள். நங்கூரமிட்ட ஒரு கப்பலின் விளக்கு தண்ணீரில் நீளமாக ஆடியது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் இப்படி ஒரு காட்சியை நான் நின்று பார்த்ததில்லை. அன்றும் நின்று பார்க்கவில்லை, ஓடிக்கொண்டே பார்த்தேன்.

இரண்டாவது கிலோமீற்றரில் விலாவில் பிடித்தது. காரணம் பிறகுதான் விளங்கியது. காலையில் ஓடுகிறவர்கள் வெறுவயிற்றோடு எழும்பி ஓடிவிடுகிறார்கள். இரவில் ஓடுகிறவருக்கோ அன்று முழுக்கச் சாப்பிட்டதும், அலுவலகத்தில் இருந்து களைத்ததும் கூடவே வரும். பின்னேரம் 6 மணிக்கு, பெலன் வேண்டும் என்று அம்மா தந்த புட்டும் சம்பலும் அப்படியே வயிற்றில் இருந்தது. புதிதாக இரவில் ஓட நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: மத்தியானச் சாப்பாட்டைப் பெரிதாக வையுங்கள். பின்னேரம் ஒரு வாழைப்பழம், கொஞ்சம் உப்புப் போட்ட தண்ணீர் போதும். ஓட்டத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்குள் புட்டுப் பக்கம் போகாதீர்கள்.

அநுராதபுரச் சந்தியை நெருங்கும்போது நான் ஏறக்குறைய நடந்துகொண்டிருந்தேன். அங்கே சில சிங்களப் பெண்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி கை தட்டி, "யமு அக்கே, யமு!" என்றாள். போவோம் அக்கா, போவோம் என்று அர்த்தம். நீ போ என்று சொல்லாமல், போவோம் என்று தன்னையும் சேர்த்துச் சொல்கிற அந்தச் சொல் எனக்கு அன்று மிகவும் வேண்டியிருந்தது. மறுபடி ஓடத் தொடங்கினேன், ஆனால் இந்தத் தடவை மெதுவாக. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும் மூச்சை எண்ணிக்கொண்டு.

சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் வெளிச்சம் குறைந்தது. வீதி ஓரத்தில் சீருடையில் இருவர் நின்றார்கள். ஒருவர் கையில் ரோச் லைற் இருந்தது. அந்த வெளிச்சம் என் முகத்தில் பட்டு இறங்கியது.

நேயர்களே, உடம்புக்கு மனதைவிட ஞாபகசக்தி அதிகம் என்று அப்போது உணர்ந்தேன். கால் தானாக நின்றுவிட்டது. வலக் கை காற்சட்டைப் பைக்குப் போனது, அடையாள அட்டையை எடுக்க. ஓட்டக் காற்சட்டையில் பையே இல்லை. பதினைந்து வருடமாக யாரும் என்னிடம் இரவில் அட்டை கேட்கவில்லை. இருந்தும் கை போனது. அந்தத் தம்பிக்கு இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். நான் ஏன் நின்றேன் என்று அவருக்கு விளங்கவில்லை. ரோச்சை என் காலுக்கு முன்னால் தாழ்த்திப் பிடித்து, அந்த இடத்தில் தார் உடைந்து கிடந்த குழியைக் காட்டினார். பிறகு, போங்கோ என்பது போல வெளிச்சத்தை வீதியில் நீட்டினார். அந்த வெளிச்சம் எட்டுகிற தூரம் வரைக்கும் நான் ஓடினேன். அதைத் தாண்டிய பிறகு எனக்கு அழுகை வந்தது. ஓடிக்கொண்டே அழுவது கஷ்டம், மூச்சு முட்டும். கொஞ்சம் நடந்து அழுது முடித்துவிட்டு ஓடினேன்.

அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தவர் அபேபே பிகிலா. எத்தியோப்பியர், பேரரசரின் மெய்க்காவல் படையில் ஒரு சிப்பாய். 1960 செப்டெம்பர் 10, ரோம் ஒலிம்பிக் மரதன். அதுவும் வெயிலுக்காகப் பின்னேரத்தில் தொடங்கி இருட்டில் முடிந்த ஓட்டம். பழைய ஆப்பியன் வீதியில் மின்விளக்கு இல்லை. இத்தாலியப் படைவீரர்கள் ஓரத்தில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வெளிச்சத்தில் பிகிலா சப்பாத்து இல்லாமல் வெறுங்காலோடு ஓடினார். பக்கத்தில் மொறோக்கோவின் ராதி. முடிவை நெருங்கும் இடத்தில் வழியோரம் ஒரு கற்தூண் நின்றது. அது பிகிலாவின் நாட்டு அக்சும் நகரத்துத் தூண். முசோலினியின் படை எத்தியோப்பியாவைப் பிடித்தபோது பெயர்த்துக் கொண்டுவந்து ரோமில் நட்டது. அந்தத் தூணடியில்தான் பிகிலா வேகமெடுத்தார். 2 மணி 15 நிமிடம் 16.2 செக்கன். அன்றைக்கு அதுவே உலகச் சாதனை. அவருடைய நாட்டைப் பிடித்த படையின் நாட்டவர்தான் அன்று பந்தம் பிடித்து வழி காட்டினார்கள். ரோச் பிடித்த அந்தத் தம்பியைக் கடந்த பிறகுதான் அந்தக் கதையின் கனம் எனக்கு உள்ளே இறங்கியது. எங்கள் ஊரிலும் கோணேசர் கோயிலை 1622இல் இடித்த போர்த்துக்கீசர், அதன் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அந்தக் கோட்டைக்குள்ளால்தான் இன்றைக்கும் நாங்கள் கோயிலுக்கு நடந்து போகிறோம்.

உப்புவெளிக் கல்லறையில் திரும்பினோம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள் வரிசையாகப் படுத்திருக்கிற இடம். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டபோது என் அம்மம்மா கைக்குழந்தையாம். மதில் ஓரத்தில் ஒரு முஸ்லிம் காக்கா செவ்விளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஓடுறதெல்லாம் ஓடலாம் பிள்ள, குடிச்சிட்டு ஓடுங்க" என்றார். நின்று குடித்தேன். அந்த ஒரு நிமிடத்தில் ஆறு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். அதைப் பற்றி இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

திரும்பி வருகிற வழிதான் நல்ல வழி. தரைக்காற்று தொடங்கியிருந்தது, இரவில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகிற காற்று. கடற்தொழில் செய்கிறவர்கள் முன்பு இதை நம்பித்தான் பாய் விரித்தார்கள். அது வியர்வையை உலர்த்தியது. பட்டணத்துக்குள் நுழையும்போது வீதிக்குக் குறுக்கே புள்ளிமான்கள் நின்றன. கோட்டைப் பக்கத்து மான்கள்தான், இரவில் ஊருக்குள் இறங்கிவிடும். எனக்கு முன்னால் ஓடிய பொடியனின் நெற்றி விளக்கில் அவற்றின் கண்கள் பச்சையாக மினுங்கின. ஒரு கலைமானின் கொம்பில் கிழிந்த பொலித்தீன் பை ஒன்று தொங்கியது. அவன் நின்றான், நானும் நின்றேன். ஒரு குட்டி, தாயைத் தேடி இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, பிறகு ஒரே துள்ளலில் போனது. "இப்ப ஓடுவம் அக்கா" என்று அவன் மெல்லிய குரலில் சொன்னான்.

ஒரு மணித்தியாலம் 24 நிமிடத்தில் முடித்தேன். ஓடிய பெண்கள் மொத்தம் ஒன்பது பேர். ஆண்கள் எண்பதுக்கு மேல். இந்தக் கணக்கு எனக்குப் பொறுக்கவில்லை, அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன் ஓட 1984 வரை காத்திருந்தார்கள். நான் பிறந்த வருடம் அது. 2023இல் முல்லைத்தீவின் அகிலத்திருநாயகி அம்மா தனது 72 வயதில் பிலிப்பைன்ஸில் மூத்தோர் போட்டியில் ஓடித் தங்கம் கொண்டுவந்தபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். கைதட்டிவிட்டு எங்கள் பெண்பிள்ளைகளை ஆறு மணிக்கு வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டோம். நிலாவெளி வீதியின் இருண்ட துண்டுகளில் விளக்குப் போடுங்கள். ஓட்டம் வைக்கிறவர்கள் பதக்கத்துக்குச் செலவழிக்கிற காசில் பாதியை வழியில் ஆள் நிறுத்தச் செலவழியுங்கள். பெண்கள் வருவார்கள். நான் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அதில் ஒருத்தி என் மகள்.

வீட்டுக்கு வரும்போது மணி பத்துக்குக் கிட்ட. படலை திறந்திருந்தது. அம்மா விறாந்தையில் கதிரை போட்டு இருந்தா. முன்கதவும் அகலத் திறந்திருந்தது. நான் உள்ளே போய்ப் பழக்கத்தில் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"விடு பிள்ளை," என்றா அம்மா. "காத்து வருது."