கூட்டலைப் பெருக்கலாக்குதல்



காரணிப்படுத்துதல், இரண்டாம் படிவப் பாடநூலின் இரண்டாம் அத்தியாயம். ஓர் அத்தியாயத்துக்குத் தனிக் கருத்தரங்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி தோட்டப்புறப் பிள்ளைகள் ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய் வழிக்கு மாறுகிறார்கள். புதுப் பள்ளியில் கால் ஊன்றுவதற்குள் இந்தப் பாடம் வந்துவிடுகிறது. பிள்ளை திணறினால் மொழிதான் காரணம் என்று முடிவு கட்டுகிறோம். மொழியும் தடைதான். ஆனால் அதைவிடப் பெரிய தடை நம் கற்பித்தலில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அடைப்புக்குறியை விரிக்க நேரான வழி உண்டு. காரணிப்படுத்தத் தேட வேண்டும். தேடப் பழக்காமல் குறுக்குப் பெருக்கல் கட்டத்தை மட்டும் கையில் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு விடைத்தாளைப் பார்ப்போம். அ² + 7அ + 12 என்பதைக் காரணிப்படுத்தச் சொன்னால், அ(அ + 7) + 12 என்று எழுதி நிறுத்தும் பிள்ளைகள் உண்டு. விரித்துச் சரிபார் என்கிறோம். விரித்தால் சரியாகவே வருகிறது! பிறகு ஏன் சிவப்பு மையில் தவறு என்று போட்டார்கள் என்று பிள்ளைக்குப் புரிவதில்லை. அந்தக் கோவையில் கடைசியாகச் செய்யும் செயல் கூட்டலா, பெருக்கலா என்று கேளுங்கள். கூட்டல் என்றால் வேலை முடியவில்லை. இந்தக் கேள்வியை ஒவ்வொரு கணக்கிலும் கேட்க வேண்டும்.

அடுத்து, மணிலா அட்டையை வெட்டுங்கள். பக்கம் அ கொண்ட ஒரு சதுரம், அ நீளமும் 1 அகலமும் உள்ள ஏழு பட்டைகள், பன்னிரண்டு சிறு சதுரங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே செவ்வகமாக அடுக்கச் சொல்லுங்கள். சிறு சதுரங்களை ஒன்றுக்குப் பன்னிரண்டாக வைத்தால் பதின்மூன்று பட்டைகள் வேண்டும். இரண்டுக்கு ஆறாக வைத்தால் எட்டு. மூன்றுக்கு நான்காக வைத்தால்தான் ஏழும் கச்சிதமாகப் பொருந்தும். (அ + 3)(அ + 4) பிள்ளையின் கண்முன் வந்து நிற்கும். பிறகு ஒரு சிறு சதுரத்தை எடுத்துவிட்டு மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். முழு எண்களில் அது அமையாது என்பதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளை, விடை வராதபோது தன் அறிவைச் சந்தேகிக்காது.

குறை எண்கள் வந்ததும் அட்டையை எடுத்து வைத்துவிடலாம். வலிந்து காட்டினால் குழப்பமே மிஞ்சும்.

இவ்வளவு பாடு எதற்கு? இரு எண்களின் பெருக்கம் சுழியம் என்றால் அவற்றில் ஒன்றாவது சுழியம். சமன்பாட்டின் தீர்வுகள் அதன் காரணிகளிலேயே இருக்கின்றன என்பதை இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் தெளிவாகக் கண்டார். அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1631இல், இதைச் சொல்லும் அவருடைய நூல் அச்சாயிற்று. நான்காம் படிவத்தில் இருபடிச் சமன்பாடு படிக்கும்போது நம் பிள்ளைகளுக்கு இந்தக் காரணிப்படுத்தல்தான் கைகொடுக்கும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, இதன் தொடக்கம் உங்கள் வகுப்பில்தான். 48ஐ 52ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 50இன் வர்க்கம் 2500, அதில் 2இன் வர்க்கமான 4 போக 2496. ஆறாம் ஆண்டுப் பிள்ளை இதை மனக்கணக்காகச் செய்துவிடும்; வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பெயர் தெரியாமலே கற்றுவிடும். 12 எவ்வெவற்றின் பெருக்கம், 36 எவ்வெவற்றின் பெருக்கம் என்று வாய்ப்பாட்டைத் திருப்பியும் கேளுங்கள். மாணவர் எண்ணிக்கை குறைவு என்று நாம் வருந்தும் தோட்டப் பள்ளிகளில்தான் ஒவ்வொரு பிள்ளையின் மேசையருகிலும் உட்கார முடியும்.

முதல் அமர்வில் ஆறாம் ஆண்டு ஆசிரியர் ஒருவரும் இரண்டாம் படிவ ஆசிரியர் ஒருவரும் ஒரே மேசையில் அமருமாறு கேட்டுக்கொள்கிறேன். விடைத்தாள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வரியில் பிள்ளை நின்றுபோனது என்று இருவருமாகப் பார்த்துக் குறித்துத் தாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.