பசை என்று தள்ளப்பட்ட செல்கள்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூளையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் அது ஆகிற காரியம் அல்ல. ஆகவே மூளையில் உள்ள ஒருவகை செல்களைப் பற்றியும், அவற்றுக்காகவே தன் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு மருத்துவரைப் பற்றியும் மட்டும் சொல்லுகிறேன்.

உங்களுக்கு நன்கு தெரிந்த தொழுநோயிலிருந்து தொடங்குகிறேன். மிஷன் மருத்துவமனைகளைத் தாங்கி வருகிறவர்களுக்கு அந்த நோயை நான் விளக்க வேண்டியதில்லை. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி அற்றுப்போவதால் சூடும் வெட்டும் தெரியாமல் சேதமடைகின்றன என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்டு எடுத்துக்காட்டினார். உணர்ச்சி ஏன் போகிறது? தொழுநோய்க் கிருமி நரம்புக்குள் புகுந்து குடியேறும் இடம் ஷ்வான் செல் என்பது. அது செய்தியைக் கடத்தும் செல் அல்ல. செய்தி கடத்தும் நரம்பு இழையைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் செல். போர்வை கெட்டால் உள்ளே இருக்கிறதும் கெடுகிறது. இந்த ஷ்வான் செல்லுக்கு மூளையிலும் தண்டுவடத்திலும் உறவினர்கள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து கிளையா செல்கள் என்கிறோம்.

கிளையா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். 1850களில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ இந்தப் பெயரை வைத்தார். நரம்பு செல்களாகிய நியூரான்களை ஒட்டி வைத்திருக்கும் பொருள் என்று அவர் எண்ணினார். பெயர் வைத்தது வைத்ததுதான்; நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதற்கு மேல் அதிகம் கேட்டவர்கள் சிலரே. நான் மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் பாடநூலில் நியூரானுக்கு அதிகாரம் அதிகாரமாக இடம் இருந்தது, கிளையாவுக்கு ஒரு பக்கம். நியூரான்களைவிட அவை பத்து மடங்கு அதிகம் என்று ஒரு வரி மனப்பாடம் செய்தோம். அதுவும் பிழை. 2009இல் வெளியான கணக்கெடுப்பின்படி மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். கிளையாவும் ஏறக்குறைய அதே அளவுதான். எண்ணிப் பார்க்கக்கூட அவ்வளவு காலம் ஆயிற்று!

இனி அந்த மருத்துவர். பெயர் பென் பாரஸ். 1954இல் அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் பிறந்தவர். பார்பரா என்ற பெயரில் பெண்ணாக வளர்ந்து, 1997இல் ஆணாக மாறி பென் என்ற பெயரை ஏற்றார். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை, ஆகவே நானும் மறைக்கவில்லை. விஞ்ஞானத்தில் பெண்கள் பின்தங்குவதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, பாகுபாடுதான் என்று 2006இல் நேச்சர் இதழில் எழுதினார். இரண்டு நிலையிலும் நடத்தப்பட்டவர் என்பதால் அந்தப் பேச்சுக்கு எடை இருந்தது.

மருத்துவப் பட்டம் பெற்று, நரம்பியல் மருத்துவராகப் பயிற்சி செய்து கொண்டிருந்தபோது, மூளை சிறுகச் சிறுக அழியும் நோயாளிகளை அவர் பார்த்தார். பெயர் சொல்லக்கூடிய நோய்கள். கொடுக்க மருந்து இல்லை. அப்படிப்பட்டவர்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நியூரான்கள் சாகும் இடங்களில் கிளையா செல்களும் உருமாறி இருந்தன. அவை நோயினால் மாறினவா, அல்லது நோயை உண்டாக்குவதே அவைதானா? பதில் சொல்ல ஒருவரும் இல்லை. மருத்துவர் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் மாணவராக ஹார்வர்டில் சேர்ந்தார். பிறகு லண்டனில் மார்ட்டின் ராஃப் என்பவரிடம் பணியாற்றினார். 1993இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தன் சொந்த ஆய்வகத்தைத் தொடங்கினார். நோயுற்ற கிளையாவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், ஆரோக்கியமான கிளையா என்ன செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? அங்கேதான் அவர் தொடங்கினார்.

அவர் செய்த பரிசோதனையைச் சற்று நிதானமாகச் சொல்லுகிறேன், ஏனெனில் அது அழகான வேலை. மூளையில் எல்லாச் செல்களும் பின்னிக் கிடக்கின்றன. கிளையா இல்லாத நியூரான் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இரண்டையும் பிரிக்க வேண்டும். எலிக்குஞ்சின் விழித்திரையிலிருந்து செல்களை எடுத்து, ஒரு தட்டில் ஊற்றுவார்கள். அந்தத் தட்டில் பூசியிருக்கும் பொருளில் ஒரே ஒரு வகை நியூரான் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவிவிடலாம். தங்கம் அரிக்கிறவர்கள் மண்ணைக் கழுவிவிட்டுத் துகளை நிறுத்திக்கொள்வது போல. இப்படித் தனியாகப் பிரித்த நியூரான்களைத் தேவையான ஊட்டங்கள் கொடுத்து வளர்த்தார்கள். அவை பிழைத்தன, கைகளை நீட்டின, மின்துடிப்பும் இருந்தது. ஆனால் ஒன்றோடொன்று பேசவில்லை. ஒரு நியூரான் அடுத்ததைத் தொட்டுச் செய்தி கொடுக்கும் இணைப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். அந்த இணைப்புகளில் நடமாட்டமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மந்தம். அதே தட்டில் கிளையாவைச் சேர்த்து வளர்த்தபோது, அந்த நடமாட்டம் சுமார் 70 மடங்கு கூடியது. இது 1997இல் வெளியானது. 2001இல் எண்ணிப் பார்த்தபோது சினாப்ஸ்களின் எண்ணிக்கையே ஏழு மடங்கு அதிகமாக இருந்தது.

பசை என்று நாம் சொன்னது, இணைப்பு உண்டாகும்படி நியூரானுக்குச் சொல்லிக் கொண்டிருந்தது! எதைக் கொண்டு சொல்லுகிறது என்று தேடியதில் 2005இல் த்ராம்போஸ்பாண்டின் என்ற புரதம் அகப்பட்டது. மருத்துவர்களுக்கு இது பழைய பெயர். இரத்தத் தட்டணுக்களில் முன்னமே கண்டது. நட்சத்திர வடிவமுள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற கிளையா, வளரும் மூளையில் இதைத் தாராளமாகச் சுரக்கிறது, வளர்ந்த மூளையில் வெகு குறைவாக.

இணைப்பு உண்டாக்குவது பாதி வேலைதான். குழந்தையின் மூளை தேவைக்கு மேல் இணைப்புகளை உண்டாக்கிவிட்டு, பிறகு வேண்டாதவற்றை நீக்குகிறது. நெருக்கமாக விதைத்த நாற்றைக் களைந்து விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை நீக்குவது என்று அடையாளம் இடுவது யார்? 2007இல் பாரஸின் ஆய்வகத்தில் பெத் ஸ்டீவன்ஸ் என்பவரும் உடன் பணியாளர்களும் கண்டது வியப்பானது. கிருமிகளின்மேல் ஒட்டிக்கொண்டு, 'இதை அழித்துவிடு' என்று உடலுக்குக் காட்டும் சி1க்யூ என்ற எதிர்ப்புச் சக்திப் புரதம், வளரும் மூளையில் சினாப்ஸ்களில் காணப்பட்டது. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் இணைப்புகள் சரியாகக் களையப்படவில்லை. மைக்ரோகிளையா என்ற சின்னக் கிளையாக்கள் வேண்டாத இணைப்புகளை விழுங்குகின்றன என்பதை ஸ்டீவன்ஸ் தன் சொந்த ஆய்வகத்திலிருந்து 2012இல் காட்டினார். மற்றொன்றையும் அந்த 2007ஆம் ஆண்டுக் கட்டுரை சொன்னது: கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயுள்ள எலிகளில், நியூரான்கள் சாகுமுன்பே அந்தப் புரதம் மறுபடியும் தலைகாட்டியது. குழந்தைப் பருவத்தில் நன்மை செய்த வேலை முதுமையில் நேரம் தவறித் தொடங்குகிறதோ என்ற கேள்வி அன்றிலிருந்து அநேக ஆய்வகங்களில் இருக்கிறது.

நம்முடைய வார்டுக்கு அருகில் வருகிறேன். எட்டு மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகள் சிலருக்கு, பிற்பாடு கை கால் விறைத்து நடை தாமதப்படுவதைப் பார்த்திருக்கிறீர்கள். இதிலும் கிளையாவுக்குப் பெரும் பங்கு உண்டு. நரம்பு இழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறையைச் சுற்றுகிற ஆலிகோடென்ட்ரோசைட் செல்கள், சுமார் 23ஆம் வாரம் முதல் 32ஆம் வாரம் வரை முதிராத பருவத்தில் இருக்கின்றன. அந்தப் பருவத்தில் பிராணவாயுக் குறைவையும் கிருமித் தொற்றினால் வரும் அழற்சியையும் அவற்றால் தாங்க முடிவதில்லை. செத்துப்போகும், அல்லது முதிராமலே நின்றுபோகும். சீக்கிரப் பிரசவம் நிச்சயம் என்று தெரிந்தால் தாய்க்கு மக்னீசியம் சல்பேட் ஊசி போடுவதற்கு ஒரு காரணம், அது குழந்தையின் மூளைக்கு ஓரளவு பாதுகாப்பாக இருக்கிறது என்பதே. விலை குறைந்த மருந்து. குறைவற்ற மூச்சும் சூடும் தாய்ப்பாலும் சுத்தமான கைகளும் அதே செல்களைத்தான் காக்கின்றன. ஆனால் அழிந்த செல்லை மறுபடி வளர்க்கும் மருந்து வார்டுக்கு வந்துவிடவில்லை. பெற்றோர் என்னிடம் முதலாவது கேட்பது அதைத்தான். இல்லை என்று சொல்லுவது கடினம், ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

பாரஸ் தன் பழைய கேள்விக்குத் திரும்பி வந்தது 2017 ஜனவரியில். மூளையில் அழற்சி ஏற்படும்போது மைக்ரோகிளையா மூன்று பொருட்களைச் சுரக்கிறது. அவற்றால் ஆஸ்ட்ரோசைட் தன் போஷிக்கும் வேலையை விட்டு, நியூரான்களையே கொல்லத் தொடங்குகிறது என்று ஷேன் லிடலோவும் அவரும் மற்றவர்களும் வெளியிட்டார்கள். அல்சைமர், பார்க்கின்சன் நோயுற்று இறந்தவர்களின் மூளையிலும் இப்படிப்பட்ட செல்களைக் கண்டார்கள். இளம் மருத்துவராக நுண்ணோக்கியில் அவர் பார்த்த அந்த உருமாறிய செல்களைப் பற்றிய கேள்விக்கு, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பதில். முழுப் பதில் அல்ல. ஆஸ்ட்ரோசைட்டை நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரிப்பது மிகவும் எளிமையானது என்று பின்வந்த ஆய்வாளர்கள் திருத்தியிருக்கிறார்கள்.

அந்தக் கட்டுரை வெளியானபோது அவருக்குக் கணையப் புற்றுநோய். 2016இல் கண்டறியப்பட்டது. மீதியிருந்த காலத்தில் தன் மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்கள் எழுதினார். ஆய்வகத்தை விட்டுப் புறப்படும் இளையவர்கள் தாங்கள் தொடங்கிய ஆராய்ச்சியைத் தங்களோடே கொண்டுபோக மூத்தவர்கள் விட்டுவிட வேண்டும் என்று வாதாடினார். தன்னிடமிருந்து சென்றவர்களை அப்படியே அனுப்பினார். 2017 டிசம்பர் 27 அன்று, 63ஆம் வயதில் காலமானார். அவரிடம் பயின்றவர்களில் பலர் இன்று வெவ்வேறு ஊர்களில் தங்கள் ஆய்வகங்களில், ஆஸ்ட்ரோசைட்டையும் மைக்ரோகிளையாவையும் அதே போலத் தட்டுகளில் பிரித்தெடுத்துப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

 கேள்விகள் இருந்தால் தேநீருக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.