எங்கே நின்று எண்ணினீர்கள்?



கருத்தரங்கின் தலைமை உரை நீண்டால் முதல் அமர்வின் நேரம்தான் பறிபோகும். எனவே வலைப் போக்குவரத்தை அளக்கும் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கப்போவதில்லை. ஒரு செய்தி மட்டும். 1969இல் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் முதல் கணுவை லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வைத்ததற்கு முக்கியக் காரணம், லியோனார்ட் கிளைன்ராக் அங்கே நடத்திவந்த வலைப்பின்னல் அளவீட்டு மையம். வலை விரியும் முன்பே அளப்பதற்கு ஆள் இருந்தது. கிளவுட் விஷயத்தில் இது தலைகீழாக நடந்தது. முதலில் விற்றார்கள், பிறகு பில் அனுப்பினார்கள், பில்லைப் பார்த்தவர்கள் திடுக்கிட்ட பிறகுதான் எப்படி அளந்தீர்கள் என்ற கேள்வியே எழுந்தது.

பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், இந்த மாதம் ஒருவர் எவ்வளவு டேட்டா அனுப்பினார் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது என்பதுதான் நான் சொல்லவந்தது. எண்ணுகிற இடம் மாறினால் விடையும் மாறும். இரண்டு நேர்மையான பொறியாளர்கள் இரண்டு சரியான கவுன்ட்டர்களைப் படித்து, இரண்டு வெவ்வேறு எண்களோடு சண்டை போடலாம்.

ஒரு விஎம்மிலிருந்து, அதாவது மெய்நிகர் இயந்திரத்திலிருந்து, 64 கேபியை ஒட்டிய ஒரு துண்டு கிளம்புகிறது என்று வையுங்கள். அதன் கூடவே போய்ப் பார்ப்போம். பாக்கெட்டாக வெட்டும் வேலையைக் கீழே யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விஎம்முக்குள் இருக்கும் லினக்ஸ் விட்டுவிடுகிறது. துண்டு முழுசாகவே, விஎம்மைத் தாங்கும் ஹோஸ்டில் அதற்கென இருக்கும் டேப் என்ற மெய்நிகர் இடைமுகத்துக்கு வந்து சேருகிறது. டேப்பின் கவுன்ட்டரில் பாக்கெட் ஒன்று, ஹெட்டர் ஒரு தொகுதி. கம்பியில் இறங்கும்போது அதே துண்டு ஏறக்குறைய 45 பாக்கெட்டுகளாகிவிடும். ஒவ்வொன்றின் தலையிலும் தனித்தனியே ஈதர்நெட், ஐபி, டிசிபி ஹெட்டர்கள். வழியில் விஎக்ஸ்லான் சுரங்கம் இருந்தால், பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 50 பைட் உறை. கடைசியில் அடித்தள சுவிட்சின் கவுன்ட்டர், டேப் காட்டியதைவிட சுமார் 8 சதவீதம் கூடுதலாகக் காட்டும். இது பெரிய பாக்கெட்டுகளின் கதை. குரல் அழைப்பு போல 100 பைட் ஃபிரேம்களாக ஓடும் போக்குவரத்தில் சுரங்கத்தின் உறை மட்டுமே பாதிப் பாரத்தைக் கூட்டிவிடும். இதில் எந்த எண் பொய்? எதுவுமில்லை. ஆனால் எதற்குப் பில் போடுகிறார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் 'டேட்டா டிரான்ஸ்ஃபர், ஒரு ஜிபிக்கு இவ்வளவு' என்பதோடு முடிந்துவிடும். அந்த ஜிபி 100 கோடி பைட்டா, 107 கோடியே சொச்சமா என்பதில் ஒரு 7 சதவீதம் ஒளிந்திருக்கிறது, அது தனிக்கதை.

டேப்பில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விஎம் அனுப்புவது டேப்புக்கு வரவு, விஎம் பெறுவது டேப்புக்குச் செலவு. விஎம்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் மென்பொருள் இதைத் திருப்பிப்போட்டு விஎம்மின் பார்வையில் சொல்லும். கெர்னல் கவுன்ட்டரை நேராகப் படித்து ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் அதைத் தானே திருப்பிப்போட வேண்டும். உள்ளே வருவது இலவசம், வெளியே போவதற்குக் காசு என்ற விலைப்பட்டியலில் இந்தத் திசை மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பதிவிறக்கம் மட்டுமே செய்தவருக்குப் பெரிய பில்லும், நாளெல்லாம் வீடியோ பரிமாறியவருக்குச் சில்லறையும் போகும்.

இடம்போலவே காலமும் ஏமாற்றும். வலைக் கருவிகளைக் கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பியின் பழைய கவுன்ட்டர் 32 பிட். ஒரு ஜிகாபிட் இணைப்பு நிரம்ப ஓடினால் 34 வினாடியில் அது சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் படிக்கிறவருக்கு, நடுவில் எட்டு தடவைக்கு மேல் சுற்றியது தெரியவே வராது. 64 பிட் கவுன்ட்டர்கள் 1990களிலேயே வந்து அந்த நோயைத் தீர்த்தன. கிளவுட் புது நோய்களைக் கொண்டுவந்தது. விஎம்மை ஓடுகிற நிலையிலேயே ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயர்த்தால், போன இடத்தில் புது டேப் பிறக்கிறது, கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மாதக் கடைசி எண்ணிலிருந்து மாதத் தொடக்க எண்ணைக் கழித்தால் போதும் என்று நினைத்த மென்பொருளுக்கு அங்கே எதிர்மறை எண் கிடைக்கும். நாற்பது வினாடி வாழ்ந்து செத்துப்போகும் கன்டெய்னரின் கதி இன்னும் மோசம். இரண்டு வாசிப்புகளுக்கு நடுவில் அது பிறந்து, டேட்டாவை அனுப்பி, மறைந்துவிடுகிறது. கணக்கேட்டில் அது பிறக்கவே இல்லை.

நம் கல்லூரிகள் பலவற்றில் சோதனைக்கூடமாக இருப்பது ஓபன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருள். 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸும் சேர்ந்து தொடங்கியது. அதற்குள்ளேயே போக்குவரத்தை அளக்க இரண்டு வழிகள் இருப்பது மாணவர்களுக்கு நல்ல பாடம். சீலோமீட்டர் விஎம்மின் இடைமுகத்தில் நின்று எண்ணுகிறது: எவ்வளவு என்று சொல்லும், எங்கே போயிற்று என்று சொல்லாது. வலையைக் கவனிக்கும் பகுதியான நியூட்ரானின் மீட்டரிங் ஏஜென்ட் ரௌட்டரில் நின்று ஐபிடேபிள்ஸ் விதிகளைக் கொண்டு எண்ணுகிறது: வெளியே போனதைப் பிரித்துச் சொல்லும், ஒரே உள்வலையில் இரண்டு விஎம்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அதன் காதில் விழாது. ரௌட்டரையே ஹோஸ்ட் தோறும் பிரித்துப் போட்டால், நிற்க வேண்டிய இடமும் நூறாகப் பெருகிவிடும். எஸ்ஆர்-ஐஓவி போட்டு விஎம்மை நெட்வொர்க் கார்டோடு நேராக இணைத்துவிட்டால், ஹோஸ்டின் மென்பொருளுக்கு எதுவுமே தெரியாது. கார்டு சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

எங்கே போயிற்று என்பது ஏன் முக்கியம்? விலை அதில்தான் இருக்கிறது. அமேசான் 2011 ஜூலையிலிருந்து இணையத்திலிருந்து உள்ளே வருவதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. வெளியே போவதற்கு ஒரு விலை, ஒரே பிராந்தியத்தில் இரண்டு கிடைப்பு மண்டலங்களுக்கு நடுவே போனால் ஒவ்வொரு திசைக்கும் ஜிபிக்கு 1 சென்ட், நாட் கேட்வே வழியாகப் போனால் அதற்கு மேலும் ஒரு கட்டணம். ஆகவே பைட்டை எண்ணினால் போதாது, அது எங்கிருந்து எங்கே போகிறது என்ற ஓட்டப் பதிவு வேண்டும். எல்லா ஓட்டத்தையும் பதிவது செலவு என்பதால் மாதிரி எடுக்கிறார்கள்.

இங்கே நான் சற்றுக் கறாராகப் பேச விரும்புகிறேன். எஸ்ஃப்ளோ போன்ற மாதிரி முறையின் பிழையை, 196ஐ மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சதவீதமாகச் சொல்லிவிடலாம். பத்தாயிரம் மாதிரி கிடைத்தால் பிழை 2 சதவீதத்துக்குள். நூறு மாதிரிதான் கிடைத்தால் கிட்டத்தட்ட 20 சதவீதம். பெரிய வாடிக்கையாளருக்கு மாதிரிகள் ஏராளமாகக் கிடைக்கும், அவர் பில் துல்லியமாக இருக்கும். சின்னவருக்குக் கிடைப்பது சொற்பம், ஆட்டமெல்லாம் அவர் பில்லில். தாக்குதலைக் கண்டுபிடிக்கவும் நெரிசலைப் பார்க்கவும் மாதிரி முறை அருமையானது. அதை வைத்துச் சின்ன வாடிக்கையாளருக்குப் பில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கெர்னலுக்குள்ளேயே எண்ணும் இபிபிஎஃப் இன்று கையில் இருக்கும்போது அதற்கு நியாயமும் குறைவு.

வாடிக்கையாளர் தானே சரிபார்க்க முடியுமா? அமேசான் 2015இல் விபிசி ஃப்ளோ லாக்ஸ் என்ற ஓட்டப் பதிவைத் திறந்துவிட்டது பெரிய உதவிதான். ஆனால் அவர்களுடைய டிஎன்எஸ் சர்வருக்குப் போவது, டிஹெச்சிபி, மெட்டாடேட்டா முகவரிக்குப் போவது ஆகியவை அதில் பதிவாவதில்லை. உள் நெருக்கடி ஏற்பட்டால் சில பதிவுகள் விடுபட்டன என்று அதுவே எழுதிவைக்கும். நாணயமான குறிப்பு, மறுக்கவில்லை. ஆனாலும் அதை வைத்துப் பில்லோடு பைசா சுத்தமாக ஒப்பிட முடியாது.

நம் நாட்டில் காய்கறிக் கடைத் தராசு 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. குறித்த காலத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை போட்டாக வேண்டும். கிளவுட் மீட்டருக்கு அப்படி எந்த முத்திரையும் இல்லை. விற்பவரே அளப்பவர், அளவுகோலின் விளக்கமும் அவர் கையில். ஆய்வாளர் ஒருவர் டேட்டா சென்டருக்குள் நுழைந்து சீல் வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எந்த இடைமுகத்தில், எந்த உறையோடு, எந்த இடைவெளியில் எண்ணுகிறோம், வழியில் கைவிடப்பட்ட பாக்கெட்டையும் சேர்க்கிறோமா என்பதை ஒரு பக்கத்தில் வெளியிட்டால் போதும். வாடிக்கையாளர் வாயைத் திறந்தால் விதி மாறும் என்பதற்கு 2024 சாட்சி. அமேசானின் எஸ்3 சேமிப்பில் ஒருவர் வைத்திருந்த காலி பக்கெட்டுக்கு யாரோ முன்பின் தெரியாதவர்கள் ஒரே நாளில் கிட்டத்தட்ட 10 கோடி கோரிக்கைகள் அனுப்ப, 1,300 டாலருக்கு மேல் பில் வந்தது. அவர் அதைப் பொதுவில் சொன்னார். அடுத்த மாதமே, அனுமதி மறுக்கப்பட்ட அத்தகைய கோரிக்கைகளுக்குக் கட்டணமில்லை என்று அமேசான் மாற்றிவிட்டது. அதே ஆண்டு கூகுளும் அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும், விலகிப்போகிறவர்களிடம் டேட்டாவை எடுத்துச் செல்லக் காசு வாங்குவதை நிறுத்தின. ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம் 2027 ஜனவரி 12 முதல் இடம்மாறும் கட்டணத்தையே தடை செய்கிறது.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். துல்லியம் கூடக்கூட, யார் யாரோடு பேசினார் என்ற குறிப்பேடும் தடிக்கிறது. 2009இல் ரிஸ்டன்பார்ட், ட்ரோமர், ஷாகம், சாவேஜ் ஆகிய நால்வர், அமேசான் கிளவுட்டில் ஒரே இயந்திரத்தில் பக்கத்து விஎம்மாக இடம்பிடித்து, கேஷ் நினைவகத்தின் சுமையை வைத்தே அடுத்தவர் தளத்துக்கு வரும் போக்குவரத்தை ஊகிக்க முடியும் என்று காட்டினார்கள். அளவீட்டுக் கருவி எதுவும் அவர்களிடம் தரப்படவில்லை. அப்படியிருக்க, கருவியையே கையில் வைத்திருக்கும் நாம் ஓட்டப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறோம், யாருக்குக் காட்டுகிறோம் என்பதும் இந்த இரண்டு நாள் விவாதத்தில் வர வேண்டும்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம். ஒரு வேண்டுகோள்: கவுன்ட்டர் எந்த இடைமுகத்தில் இருந்தது என்பதை முதல் படத்திலேயே போட்டுவிடுங்கள். கேள்வி நேரத்தில் பாதி மிச்சமாகும்.