சேர்ந்தே சேர்ந்தோம்
(வெள்ளிவிழா இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



திருச்சியிலிருந்து தஞ்சை, திருவாரூர், நாகை வழியாக வேளாங்கண்ணிக்கு நம் இளைஞர் பதினொருவருடன் நானும் சைக்கிளில் சென்றதை அறிவீர்கள். எதிர்க்காற்றை முன்னே செல்பவர் தாங்க, பின்னே வருபவர் இளைப்பாறுவார், முறைமாற்றி மிதித்தோம்.

நாகையைத் தாண்டியதும் தம்பி ஒருவனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. செப்டம்பர் 7 மாலைத் தேர்பவனிக்கு நேரமாகிறதே என்று, "அவன் பேருந்தில் வரட்டும்" என்றேன்.

"சாமி, காலையெல்லாம் நமக்காகக் காற்றைத் தாங்கியவன் அவன்தானே!" என்று இளைஞர்கள் இறங்கி, வண்டிகளை உருட்டிக்கொண்டு அவனோடு நடந்தார்கள். நானும் வெட்கத்தோடு இறங்கினேன்.

நாங்கள் சேரும்போது தேர்பவனி முடிந்திருந்தது. தேரைக் காணவில்லை, ஆனால் பங்கு என்பது என்னவென்று அன்று கண்டேன். இந்த விழா ஆண்டில் நம்மில் பின்தங்கியவர் யார் என்று திரும்பிப் பார்ப்போம்.