"குறைந்த அளவு" என்னும் கேடயம்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



தொழிற்சாலைக் கழிவாலோ பூச்சிக்கொல்லியாலோ உடல்நலம் கெடுகிறது என்று மக்கள் முறையிடும்போதெல்லாம் நிறுவனங்களும் அதிகாரிகளும் தரும் பதில் ஒன்றுதான்: "அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் உள்ளது." அந்த வரம்பை வகுத்தவர் யார், யாருடைய உடலை அளவுகோலாகக் கொண்டு வகுத்தார் என்பவையே இன்று எழுப்ப வேண்டிய கேள்விகள்.

நஞ்சியலின் பழைய விதி எளியது. அளவு கூடினால் கேடு கூடும், குறைந்தால் குறையும், ஓர் எல்லைக்குக் கீழே கேடே இராது. ஹார்மோன்களின் பணியைக் குலைக்கும் வேதிப்பொருட்களுக்கு இவ்விதி அப்படியே பொருந்துவதில்லை. பெண்ணின் பூப்பையும் மாதவிடாயையும் நெறிப்படுத்தும் எஸ்ட்ராடியால், இரத்தத்தில் பிகோகிராம் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கே பிகோகிராம். அத்துணைச் சிறிய அளவுக்கும் செவிசாய்க்கும்படி உடற்செல்களின் ஏற்பிகள் அமைந்துள்ளன. வெளியிலிருந்து வரும் வேதிப்பொருள் அந்த ஏற்பியில் ஹார்மோனைப் போல் பொருந்திக்கொண்டால் உடலுக்குப் பொய்ச் செய்தி போகிறது. ஏற்பியை அடைத்துக்கொண்டால் மெய்ச் செய்தி போய்ச் சேர்வதில்லை. கருவிலிருக்கும் சிசுவுக்கு நேரும் இக்குலைவு, பல ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படக்கூடும். அப்போது காரணத்தை நிறுவுவது கடினம். நிறுவனங்களுக்கு வசதியாக இருப்பது இந்தக் கால இடைவெளிதான்.

இந்தியாவில் இதற்குக் கண்கூடான சான்று காசர்கோடு. அங்கே கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில், 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டுவரை எண்டோசல்பான் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. குன்றுகளில் விழுந்த நஞ்சு ஓடைகளின் வழியே குடிநீருக்குள் இறங்கியது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம், அத்தோட்டங்களின் அடிவாரத்தில் வாழ்ந்த 117 பள்ளிச் சிறுவர்களையும், தெளிப்பு நடைபெறாத ஊரைச் சேர்ந்த 90 சிறுவர்களையும் ஒப்பிட்டு ஆய்ந்தது. 2003இல் அதன் முடிவுகள் வெளியாயின. அடிவாரச் சிறுவர்களின் இரத்தத்தில் எண்டோசல்பான் கூடுதலாக இருந்தது. அவர்களது பருவ வளர்ச்சி பின்தங்கியிருந்தது. ஆண்மை ஹார்மோனின் உற்பத்தியும் பாதிக்கப்பட்டிருந்தது. அச்சிறுவர்கள் மருந்து தெளித்தவர்கள் அல்லர். அந்த ஊரில் பிறந்து, அந்த நீரைக் குடித்தவர்கள்.

அந்நாளில் எண்டோசல்பானை உலகிலேயே மிகுதியாக உற்பத்தி செய்த நாடு இந்தியா. ஆகவே உலகளாவிய தடையை ஒன்றிய அரசு நெடுநாள் எதிர்த்து நின்றது. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் அதனைத் தடைப்பட்டியலில் சேர்த்தன. மே மாதத்தில், இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017இல் ஆணையிட்டது. தோட்டத்தின் உரிமையாளர் ஒரு பொதுத்துறை நிறுவனம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உடைமை பொதுவாயிருந்தால் மட்டும் போதாது. தொழிலாளரும் ஊர்மக்களும் கண்காணிக்கும் உரிமை பெற்றிருக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

வரம்புகள் எத்துணை நிலையற்றவை என்பதற்குப் பிஸ்பீனால்-ஏ மற்றோர் எடுத்துக்காட்டு. கடினப் பிளாஸ்டிக்கிலும், உணவு டப்பாக்களின் உட்பூச்சிலும், ரசீது அச்சிடும் வெப்பத்தாளிலும் பயன்பட்டு வரும் பொருள் இது. நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 மைக்ரோகிராம் வரை உட்கொள்ளலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது. 2023இல் அதே ஆணையம் அந்த அளவை 0.2 நானோகிராமாகக் குறைத்தது. அதாவது, 20,000இல் ஒரு பங்கு. எட்டே ஆண்டுகளில் மனித உடல் மாறிவிடவில்லை, மாறியது அறிவு. இடைப்பட்ட காலத்தில் "வரம்புக்குள்" இருந்தவர்களுக்கு யார் பொறுப்பு?

இந்தியாவில் பாலிகார்பனேட் பாற்புட்டிகளை 2015ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் விலக்கியது. அது நல்லதே. ஆனால் நாள்முழுதும் ரசீதுத் தாளைக் கையாளும் காசாளர், பிளாஸ்டிக்கை உருக்கும் பட்டறைத் தொழிலாளி, கழிவைப் பிரிக்கும் பெண், பூச்சிக்கொல்லி தெளிக்கும் விவசாயக் கூலி ஆகியோரின் கணக்கு எங்கே? ஒரே உடலில் பல வேதிப்பொருட்கள் சேரும்போது நேரும் விளைவைத் தனித்தனிப் பொருளுக்கு வகுத்த வரம்பு காட்டுவதில்லை. இதற்கிடையே, 2020இல் நிறைவேற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, "தொழிற்சாலை" என்பதற்கான தொழிலாளர் எண்ணிக்கையை மின்சாரம் பயன்படுத்தும் இடங்களில் 10இலிருந்து 20ஆகவும், பயன்படுத்தாத இடங்களில் 20இலிருந்து 40ஆகவும் உயர்த்தியது. நஞ்சு மிகுந்த சிறு பட்டறைகள்தாம் இதனால் வரையறைக்கு வெளியே தள்ளப்படுகின்றன.

ஆகவே தொழிற்சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் ஒன்றுபட்டு முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஒரு பொருள் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் கடமை அதை விற்பவருடையதாக வேண்டும். தீங்கானது என்று மெய்ப்பிக்கும் சுமை நோயாளியின் தலையில் விழக்கூடாது. பணியிடத்தில் புழங்கும் வேதிப்பொருட்களின் பெயர்கள் தொழிலாளியின் மொழியில் எழுதி வைக்கப்பட வேண்டும். கருவுற்ற பெண் தொழிலாளிக்கு ஊதிய இழப்பின்றி மாற்றுப் பணி வேண்டும். ஆய்வுகள் பொதுப்பணத்தில், நிறுவனங்களின் பிடியின்றி நடக்க வேண்டும்.

காசர்கோட்டில் நஞ்சை நிறுத்தியது வரம்புப் பட்டியல் அன்று. நோயுற்ற பிள்ளைகளை முன்னிறுத்தித் தாய்மாரும் ஊர்மக்களும் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டமே அதை நிறுத்தியது. அடுத்த நஞ்சுக்கு இன்னொரு தலைமுறையைக் காவு கொடுத்த பின்னரா போராடுவது? வரம்பை வகுக்கும் மேசையில் உழைக்கும் மக்களுக்கு இடம் வேண்டும் என்ற முழக்கத்தை இப்போதே எழுப்புவோம்.