அடிக்கடி விழும் மின்கசிவுத் தடுப்பான்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவை பேசப்படும் இம்மன்றத்தில், வீட்டுச் சுவரில் பொருத்தப்பட்ட கையகலப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேச இன்று சிறிது நேரம் கேட்டு வந்திருக்கிறோம். மெயின் போர்டில் எம்.சி.பி. வரிசைக்கு முன்னால் அமர்ந்திருக்கும் மின்கசிவுத் தடுப்பானே அது. கடைக்காரர் அதனை ஆர்.சி.சி.பி. என்பார், வயர்மேன் பழைய வழக்கப்படி இ.எல்.சி.பி. என்பார். “அது ஓயாமல் விழுகிறது, அதனைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிட்டோம், இப்போது தொல்லையில்லை” என்று சொல்லும் வீட்டாரை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். விளக்கு அணையாமல் எரிகிறது என்பது மெய்யே. ஆயின் அவ்வீட்டில் ஒருவர் உயிருக்கு இருந்த காவலும் அன்றே கழற்றப்பட்டுவிட்டது.

இது வேலை செய்யும் முறை உழவருக்குப் புதிதன்று. தலைமடையில் விட்ட நீர் கடைமடைக்கு அதே அளவில் வந்து சேரவில்லையெனில், வரப்பில் எங்கோ நண்டு வளை இருக்கிறது என்று அறிகிறோம் அல்லவா? அதுபோலவே, பேஸ் கம்பி வழியாக வீட்டுக்குள் சென்ற மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்பி வரவேண்டும். தடுப்பானுக்குள் இரு கம்பிகளும் ஒரு வளையத்தின் ஊடே செல்கின்றன. போனதும் வந்ததும் சமமாயின் வளையம் சும்மா இருக்கும். குறைந்துவிட்டால் அதில் காந்த விசை எழுந்து, கொக்கியை விடுவித்து, மின்சாரத்தைத் துண்டிக்கும்.

வீடுகளுக்குரிய தடுப்பானில் 30 மில்லியாம்பியர் என்று பொறித்திருக்கும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று இழுக்கும் மின்னோட்டத்தைவிட இது குறைவு. இவ்வளவு சிறிய அளவை ஏன் வைத்தார்கள்? ஏறத்தாழ 10 மில்லியாம்பியர் உடம்பில் பாய்ந்தாலே கைத்தசை இறுகிப் பிடித்த கம்பியை விட முடியாமற் போகலாம். அதற்கு மேல் போகப் போக மூச்சுத் தடைப்படும், இதயம் தடுமாறும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் இவ்வளவுகளை நெடுங்காலம் ஆராய்ந்து, 1961இல் இவ்வினக் கருவி ஒன்றை உருவாக்கினார். நம் வீட்டு 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ, 16,000 மில்லியாம்பியருக்கு மேல் போனால்தான் அசையும். ஒரு மனிதர் மின்சாரத்தில் சிக்கித் துடிப்பது அதற்குத் தெரியவே தெரியாது. எனவே எம்.சி.பி. இருக்கும்போது தடுப்பான் எதற்கு என்ற கேள்விக்கு இடமில்லை.

இனி, “காரணமின்றி விழுகிறது” என்ற குறைக்கு வருவோம். முதலில் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: எப்போது விழுகிறது? கிரைண்டரைத் தொட்டவுடன் விழுகிறது, குழாயைத் திறந்தவுடன் விழுகிறது என்று யாரேனும் சொன்னால், அது தொல்லையே அன்று. அப்பொருளின் உடலில் மின்சாரம் ஏறியிருக்கிறது. எர்த் இல்லாமையால் கசிவு வெளியேற வழியின்றிக் காத்திருக்கிறது. தொட்டவர் உடம்பே வழியாகிவிட்டது. தடுப்பான் விழுந்து அவரைக் காத்தது. அப்பொருளை உடனே பிளக்கிலிருந்து பிடுங்கி ஒதுக்கி வைத்துவிட வேண்டும். 2011ஆம் ஆண்டு தொடங்கி அரசு வழங்கிய மிக்ஸியும் கிரைண்டரும் எத்தனையோ குடிசைகளுக்குச் சென்று சேர்ந்தன. ஆனால் அவ்வீடுகள் யாவற்றிலும் எர்த் கம்பி உண்டா என்பதை நாம் கேட்டுப் பார்த்தல் நலம்.

தொடாமலே விழுமாயின் தேடும் முறை இது. மெயின் போர்டில் எம்.சி.பி. அனைத்தையும் இறக்கிவிட்டு, வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். சுவிட்சு பேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது, நியூட்ரல் தொடர்ந்து இணைந்தே இருக்கிறது. பிறகு தடுப்பானை மேலே தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.யை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஏதேனும் ஒன்றை ஏற்றியதும் விழுந்தால் கோளாறு அந்த வரிசையின் வயரிங்கிலோ, பிளக் இன்றி நேரே இணைத்த விளக்கு, மோட்டார் ஆகியவற்றிலோ இருக்கிறது. எல்லாம் ஏற்றியும் நின்றால் பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொருகி ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி தண்ணீரோடும் சூட்டோடும் பழகும் பொருளாகவே இருக்கும்: வெந்நீர்க் கீசரின் காயில், துணி துவைக்கும் இயந்திரம், பழைய இஸ்திரிப் பெட்டி, தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார். குளிர்சாதனப் பெட்டியில் பனி உருக்கும் ஹீட்டர் பழுதுபட்டால், அது வேலை செய்யும் நேரத்தில் மட்டும் தடுப்பான் விழும். வீட்டார் நள்ளிரவில் விழித்துக் காரணம் தெரியாமல் திகைப்பர்.

எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருக்கத் தடுப்பான் நிற்கவில்லையா? அப்போது வயர்மேனை அழைக்க வேண்டியதே. அவர் மெயினை நிறுத்திவிட்டு, தடுப்பானிலிருந்து வீட்டுக்குச் செல்லும் இரு கம்பிகளையும் கழற்றிப் பார்ப்பார். கழற்றிய பின்னும் விழுந்தால் தடுப்பானே பழுது. நின்றுவிட்டால் வீட்டுக்குள் நியூட்ரல் கம்பி எங்கோ எர்த்தையோ ஈரச் சுவரையோ தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த நியூட்ரல் விவகாரத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். ஏனெனில் நம் ஊர்களில் பாதித் தொல்லை இங்கேதான் பிறக்கிறது என்பது எம் கருத்து. வீட்டை விரிவாக்கும்போது புதிய அறைக்குப் பேஸ் ஓரிடத்திலும், கையெட்டும் நியூட்ரல் வேறிடத்திலும் எடுத்துவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் வைக்கும்போது இது இன்னும் மிகுதி. இன்வெர்ட்டருக்குப் போகும் பேஸ் தடுப்பானுக்கு முன்னால் எடுக்கப்பட்டு, அதனால் எரியும் விளக்குகளின் நியூட்ரல் தடுப்பானுக்குப் பின்னால் சேர்க்கப்பட்டிருந்தால், அம்மின்னோட்டம் போகும்போது தடுப்பானைக் கடப்பதில்லை. திரும்பும்போது மட்டும் கடக்கிறது. கணக்கு எப்படிச் சரியாகும்? கசிவு ஒரு துளியும் இல்லாமலே விழும். “இன்வெர்ட்டர் வைத்த நாள்முதல் விழுகிறது” என்று வீட்டார் சொன்னால் முதலில் இதனைப் பார்க்க வேண்டும். இன்னொரு பழக்கமும் உண்டு. எர்த் இல்லாத பிளக்கில் நியூட்ரலையும் எர்த் துளையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவது. இது தடுப்பானை விழச் செய்வதோடு நில்லாது; வழியில் நியூட்ரல் அறுந்துபோனால் இஸ்திரிப் பெட்டியின் உடலிலேயே 230 வோல்ட் ஏறிவிடும். இத்துண்டுக் கம்பியை எங்கே கண்டாலும் அகற்றச் சொல்லுங்கள்.

குற்றம் எப்பொருளிலும் தனியே இல்லாமற் போவதும் உண்டு. தொலைக்காட்சி, கணினி, சார்ஜர் போன்ற மின்னணுப் பொருள்கள் இயல்பாகவே ஒரு மில்லியாம்பியர் அளவோ அதற்குக் குறைவாகவோ எர்த்துக்கு விடுகின்றன. 30 என்று பொறித்த தடுப்பான் 15க்கும் 30க்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் விழலாம்; தரவிதியே அவ்வாறுதான். ஆகவே இயல்பான கசிவு மொத்தம் 9 மில்லியாம்பியருக்குள் இருப்பது நல்லது. மிகுந்தால், வீட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு தடுப்பான்கள் வைக்க வேண்டும். அதனை விடுத்துக் கடையில் 100 அல்லது 300 மில்லியாம்பியர் தடுப்பான் வாங்கி மாட்டுவது முறையன்று. 300 என்பது தீவிபத்தைத் தவிர்க்க உதவுமேயன்றி, தொட்டவர் உயிரைக் காக்காது. வாங்கும்போது ஐ.எஸ். 12640 என்னும் தர எண் உண்டா என்று பாருங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் விழுவது வாசல் விளக்கிலோ, மொட்டைமாடிக் குழாயிலோ ஈரம் இறங்கியதனால். இடி இடிக்கும்போது ஒரு முறை விழுந்து, தூக்கியதும் நின்றால் கவலையில்லை.

எர்த் குழி கோடையில் காய்ந்துவிடுகிறதே, தடுப்பான் வைத்து என்ன பயன் என்று சிலர் கேட்கின்றனர். 50 வோல்ட்டை 30 மில்லியாம்பியரால் வகுத்தால் ஏறத்தாழ 1,667 ஓம் வருகிறது. அவ்வளவு மோசமான எர்த்திலும் உடல் மின்னழுத்தம் 50 வோல்ட்டைத் தாண்டுமுன் இது விழுந்துவிடும். பியூஸோ எம்.சி.பி.யோ அங்கே செயலற்றுப் போகும். ஆனால் ஒரே ஆள் பேஸையும் நியூட்ரலையும் இரு கையால் பிடித்தால், போனதும் வந்ததும் சமமாகிவிடுவதால், தடுப்பானுக்கும் அது தெரியாது. இதனையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்கன்வாடி, பள்ளிச் சத்துணவுக் கூடம், மேல்நிலைத் தொட்டி மோட்டார் அறை ஆகியவற்றின் போர்டுகளை உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு திறந்து பாருங்கள்; தடுப்பான் நேராக இணைக்கப்பட்டிருந்தால் எழுத்தில் பதிந்து சரிசெய்யச் சொல்லுங்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு 500 வோல்ட் மெக்கர் வாங்கி வைப்பது வீண் செலவாகாது. மின்னணுப் பொருள்களை எல்லாம் பிடுங்கிவிட்டு அதனால் அளந்தால், கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு மெகாஓம் இருக்கிறதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்; ஊகத்தில் சுவரை உடைக்க வேண்டியதில்லை. தடுப்பானின் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தச் செய்யுங்கள். அழுத்தியும் விழவில்லையெனில் அன்றே அதனை மாற்றிவிட வேண்டும்.