கடை யாருடையது?

பெங்களூர் ஜயநகரில் நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் இருக்கிறார். அரசாங்க உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றவர். சேமநிதியாக வந்த தொகையைக் கொண்டு, பெயர் பெற்ற துரித உணவுக் கம்பெனி ஒன்றின் கடையைத் தம் பேட்டையில் தொடங்க எண்ணினார். கம்பெனியார் அனுப்பிய ஒப்பந்தத்தை நம் முன் வைத்து, "எல்லாம் சரிதான், கடை என்னுடையதுதானே?" என்று கேட்டார். எளிய கேள்விதான். ஆயினும் நம்மால் உடனே விடை கூற இயலவில்லை.

நின்றபடியே உண்டு செல்லும் வழக்கம் பெங்களூருக்குப் புதிதன்று. 1983-ல் இதே ஜயநகரில் 'கபே தர்சினி' திறக்கப்பட்டது. அதன் பின்னர் 'தர்சினி' என்னும் பெயரைப் பலரும் தத்தம் கடைக்குச் சூட்டிக் கொள்ள, அது அவ்வகைக் கடைகளுக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது. 1995 ஜூன் மாதத்தில் பிரிகேடு ரோட்டில் இந்தியாவின் முதல் கே.எப்.சி. கடை திறந்தபோது இந்நகரில் பெரும் எதிர்ப்பு மூண்டது. 1996 ஜனவரியில் விவசாயிகள் சங்கத்தார் அதனுட் புகுந்து தாக்கினர். அது கடைக்கும் வெளியே நின்றவர்க்கும் நேர்ந்த பூசல். இன்று நாம் பேசப்போவது, கடை நடத்துபவர்க்கும் அவருக்குப் பெயரை இரவல் தந்த தாய்க் கம்பெனிக்கும் இடையே எழும் பூசல்.

இந்த ஏற்பாட்டைப் 'பிரான்சைஸ்' என்பர். பெயர், சமையல் முறை, மேசை நாற்காலியின் நிறம் வரை யாவும் கம்பெனியினுடையவை. முதல் போடுவதும், வாடகை கொடுப்பதும், ஆட்களுக்குச் சம்பளம் அளப்பதும் கடைக்காரர். பெயருக்கு ஈடாக அவர் விற்பனையில் ஒரு விழுக்காட்டைக் கம்பெனிக்குச் செலுத்துகிறார். இலாபத்தில் அன்று, விற்பனையில். வழக்குகள் பலவற்றிற்கு வேர் இச்சிறு சொல்லில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,000 பொட்டலம், ஒன்று 100 ரூபாய்; விற்பனை ஒரு இலட்சம். கம்பெனிக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் 5,000. பொட்டலத்துக்கு 40 வீதம் சரக்குச் செலவு 40,000. வாடகையும் சம்பளமும் 45,000. கடைக்காரருக்கு மிஞ்சுவது 10,000. இப்பொழுது, "விலையை 80 ஆகக் குறைத்து விளம்பரம் செய்க" என்று கம்பெனி ஆணையிடுகிறது. கூட்டம் பெருகி 1,500 பொட்டலம் விற்கிறது. விற்பனை 1,20,000, கம்பெனிக்கு 6,000. சரக்குக்கு 60,000. வாடகையும் சம்பளமும் முன்போலவே எனக் கொண்டாலும், கடைக்காரருக்கு எஞ்சுவது 9,000. உழைப்பு ஒன்றரை மடங்கு; வருவாய் ஆயிரம் குறைவு. கம்பெனிக்கோ ஆயிரம் கூடுதல். இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் திருடவில்லை. ஒரே தள்ளுபடி ஒருவருக்கு விழாவாகவும் மற்றவர்க்கு இழப்பாகவும் முடிகிறது.

கம்பெனியின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு கடையில் பழைய எண்ணெயில் பொரித்தால், நூறு கடைகளின் பெயர் கெடும். ஆகையால் எண்ணெய் முதல் காகிதக் குவளை வரை குறித்த இடத்திலேயே வாங்க வேண்டும் என்று விதிக்கின்றனர். ஆனால் அவ்விதி, பூசல் முற்றும்போது கடைக்காரரின் கழுத்தைச் சுற்றிய கயிறாகவும் ஆகக்கூடும். இதற்குத் தில்லியில் நடந்த வழக்கே சான்று.

1995-ல் மக்டொனால்ட்ஸ் கம்பெனியும் விக்ரம் பக்ஷி என்பவரும் சரிபாதிப் பங்குடன் கூட்டு நிறுவனம் ஒன்றை அமைத்தனர். 1996 அக்டோபரில் தில்லி வசந்த விகாரில் முதல் கடை திறந்தது. வடக்கிலும் கிழக்கிலும் வியாபாரம் வளர்ந்தது. கூடவே மனவேற்றுமையும் வளர்ந்தது. 2013 ஆகஸ்டில் பக்ஷி நிர்வாக இயக்குநர் பதவியினின்றும் நீக்கப்பட்டார். அவர் வழக்காடினார். 2017 ஜூலையில் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அவரை மீண்டும் அப்பதவியில் அமர்த்தியது. அடுத்த மாதமே மக்டொனால்ட்ஸ் 169 கடைகளுக்கான உரிமத்தை முறித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சரக்கு வழங்கிவந்த நிறுவனம் கையை விரிக்கவே, கிழக்குப் பகுதிக் கடைகள் பல மூடப்பட்டன. அடுப்பும் இருந்தது, ஆட்களும் இருந்தனர், ரொட்டி வரவில்லை. இறுதியில் 2019 மே மாதத்தில் சமரசம் ஏற்பட்டு, பக்ஷியின் பங்கைக் கம்பெனியே வாங்கிக் கொண்டது.

இத்தனை அமளிக்கிடையிலும் பெங்களூரில் அதே பெயர்ப் பலகையின் கீழ் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. காரணம், மேற்கிலும் தெற்கிலும் கடை நடத்துவது அமித் ஜாட்டியாவின் வேறொரு நிறுவனம். அங்கும் தொடக்கத்தில் கூட்டுப் பங்குதான். ஆனால் 2010-ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கம்பெனி பங்குதாரர் நிலையினின்றும் விலகி, பெயருக்குரிய உரிமத்தொகை பெறுவதோடு நின்றுகொண்டது. ஒரே பலகை, ஒரே ரொட்டி. ஏட்டில் எழுதிய உறவு மட்டும் வேறு. உண்ண வருபவர் இதை எங்ஙனம் அறிவார்?

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1979 முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, கம்பெனி தன் வழக்குகளையும் கட்டணங்களையும் முன்கூட்டியே எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும். இப்பொழுது அதற்குரிய கெடு கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக என்பது. நம் நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே பெரும்பாலும் துணை. கொக்கோ கோலா கம்பெனிக்கும் குஜராத்தின் பானம் அடைப்போர்க்கும் நடந்த வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் போட்டி நிறுவனத்தின் சரக்கைத் தொடலாகாது என்னும் தடை செல்லும் என்றது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் தொழில் செய்யாதே என்று தடுப்பதோ, அச்சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி பெரும்பாலும் செல்லாது.

நண்பரின் ஒப்பந்தத்தை இருவருமாக அமர்ந்து வரி வரியாகப் படித்தோம். தள்ளுபடியை மறுக்கும் உரிமை அவருக்கு இல்லை. மேலும் ஒன்று கண்டோம்: கம்பெனி தரும் உரிமம் ஐந்து ஆண்டு; கட்டிடத்துக்கு அவர் கையெழுத்திட வேண்டிய குத்தகையோ ஒன்பது ஆண்டு. ஐந்தாம் ஆண்டின் முடிவில் பலகையை எடுத்துச் சென்றுவிட்டால், மீதி நான்கு ஆண்டு வாடகை யார் பொறுப்பு என்பதற்கு அந்த ஏட்டில் ஒரு வரியும் இல்லை. நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னர், இவ்விரண்டு ஷரத்துகளையும் மாற்றித் தருமாறு கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று வாரம் ஆயிற்று, பதில் வரவில்லை. பணம் வங்கியிலேயே இருக்கிறது.